வீட்டு வரைபடத்தை யார் பார்ப்பது?

சிறிய வீடு ஒன்றைக் கட்டுவதற்கு அனுமதி வேண்டி உள்ளாட்சி அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்த நிலையை மாற்ற, தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ முதல் தளத்துடன் கூடிய வீடோ கட்டுவோர் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். விதிகளைப் பின்பற்றியிருப்பதாக விண்ணப்பதாரரே உறுதியளித்தால் போதும். பணி முடிப்புச் சான்றிலிருந்தும் இவ்வீடுகளுக்கு விலக்கு உண்டு.

ஆத்தூர் போன்ற ஊர்களுக்கு இது பெரும் நிவாரணம் என்பதில் ஐயமில்லை. ஆத்தூரிலும் நரசிங்கபுரத்திலும் வீடு கட்டுவோரில் பெரும்பாலோர் ஜவ்வரிசி ஆலைகளையும் வேளாண்மையையும் சிறு வணிகத்தையும் நம்பி வாழ்பவர்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டே, வாங்கிய கடனுக்கு வட்டியும் கட்டுகிற குடும்பத்துக்கு அனுமதி தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் இரட்டைச் சுமை. தாமதம் இருக்கும் இடத்தில் இடைத்தரகரும் இருப்பார். அந்த வாய்ப்பு குறைந்தது நன்மையே.

எனினும், ஒரு கேள்வி எஞ்சுகிறது. வரைபடத்தை அலுவலர் பார்ப்பது வீட்டின் அழகை மதிப்பிட அன்று. பக்கத்து வீட்டுக்காரரின் உரிமையைக் காக்கவே. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மனையைச் சுற்றி விட வேண்டிய திறந்தவெளியையும் கட்டடத்தின் உயரத்தையும் வரையறுக்கின்றன. மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். பக்கவாட்டு இடைவெளி மறைந்தால் அண்டை வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் குறையும். தீ விபத்து நேர்ந்தால் உள்ளே செல்ல வழியிராது. அனுமதிக்கு முன்பும் எவரும் பார்ப்பதில்லை, கட்டி முடித்த பின்பும் எவரும் வருவதில்லை என்றால், விதி காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

இதற்கு நேரெதிரான நிலையும் இதே சமவெளியில் உண்டு. நாமக்கல் கோட்டையும் சங்ககிரிக் கோட்டையும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அங்குள்ள பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி தேவை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை, தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையுடன்தான் கட்ட முடியும். ஓரிடத்தில் ஒரு செங்கல்லை மாற்றவும் மேலிடத்து ஒப்புதல் தேவை. சற்றுத் தொலைவில் முழு வீட்டையும் பார்க்க ஆளில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தாக வேண்டும்.

சிங்கப்பூர் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம்மவர்கள் நன்கறிந்த லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கடைவீடுகளின் முகப்பையும் நடைபாதை வளைவையும் காக்க வேண்டும்; உட்புறத்தில் சில மாற்றங்களைச் செய்துகொள்ள இடமுண்டு. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பது முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கிறது. கடுமையான விதியைவிடத் தெளிவற்ற விதியே வீட்டுக்காரரை அதிகம் வாட்டுகிறது.

அப்படியானால் நம் நகராட்சிகளிலும் வீட்டின் தோற்றத்தை ஆராயக் குழு அமைக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. எது அழகு என்று தீர்மானிக்கும் அதிகாரம், ஒழிக்க நினைத்த இடைத்தரகரை வேறு வாசல் வழியாக அழைத்து வந்துவிடும். அதே வேளையில், திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் கொண்டு வெயிலைத் தணித்த வீடுகள் இருந்த மண்ணில், கோடையில் அனலாய்க் கொதிக்கும் தட்டைக் கான்கிரீட் கூரைகள் பெருகுவதையும் புறக்கணிக்க இயலாது. இதற்கு ஏற்றது தடை அன்று, முன்மாதிரி. சேலம், நாமக்கல் வட்டாரத்தின் வெப்பத்துக்கும் சிறு மனைகளுக்கும் பொருந்தும் வீட்டு வரைபடங்களை நகர ஊரமைப்புத் துறை ஆயத்தம் செய்து, இலவசமாக வழங்கலாம்.

சுயசான்றும் தொடரட்டும். ஆனால், அனுமதி பெற்ற வரைபடம் கட்டுமான இடத்தில் அனைவரும் காணும்படி வைக்கப்பட வேண்டும். அஸ்திவாரம் எழும்பும் நிலையில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில வீடுகளையேனும் நகராட்சி அளந்து பார்க்க வேண்டும். சுவர் எழுவதற்கு முன் திருத்துவது எளிது. கூரை போட்ட பின் இடிப்பது கொடுமை.

கண்காணிப்பு தவறினால் என்ன நேரும் என்பது நமக்குப் புதிதன்று. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த, 2017-இல் தனித் திட்டமே கொண்டுவர நேர்ந்தது. விதியறியாமல் மனை வாங்கிய எளியவர்களே அதற்கும் பணம் கட்டினார்கள். மனைகளில் நடந்தது வீடுகளிலும் நடக்காதிருக்க, மக்கள்மீது வைத்த நம்பிக்கையோடு ஓர் அளவுநாடாவையும் அரசு கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.