ரியாத்–தெஹ்ரான் உறவும் கூட்டறிக்கையின் எல்லைகளும்

2023 மார்ச் 10 அன்று சவூதி அரேபியாவும் ஈரானும் சீனாவுடன் சேர்ந்து பெய்ஜிங்கில் வெளியிட்ட கூட்டறிக்கை மேற்காசியாவின் திருப்புமுனை என்று பரவலாக வருணிக்கப்பட்டாலும், தூதாண்மைப் பணியில் உள்ளோர் அதைப் பதற்றத் தணிப்பு என்ற அளவிலேயே படிப்பது பொருத்தமாகும். பகைக்கான காரணங்கள் தீராத நிலையிலும் அவை மோதலாக முற்றாதபடி பேச்சு வழியைத் திறந்து வைத்திருக்கும் ஏற்பாடே பதற்றத் தணிப்பு. காரணங்களையே களைய முற்படும் நல்லிணக்கம் வேறு.

2016 சனவரியில் ஷியா மதகுரு நிம்ர் அல்-நிம்ருக்கு சவூதி அரசு மரண தண்டனை நிறைவேற்றியதையும், தெஹ்ரானிலிருந்த சவூதி தூதரகம் தாக்கப்பட்டதையும் அடுத்து முறிந்த உறவு, ஏழாண்டுகள் முறிந்தே கிடந்தது. ரியாத்தின் கணக்கை மாற்றியது 2019 செப்டம்பரில் அப்கைக், குறைஸ் எண்ணெய் நிலையங்கள் தாக்கப்பட்டதுதான் எனலாம். நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி தடைபட்டது. தெஹ்ரான் பொறுப்பை மறுத்தது. ஈரான்தான் காரணம் என்று கூறிய வாஷிங்டனோ அந்நாட்டின்மீது இராணுவத் தாக்குதல் எதையும் நடத்தவில்லை. நேரடிப் பேச்சு 2021 ஏப்ரலில் ஈராக்கில் தொடங்கியது. உழுது விதைத்தவை பாக்தாதும் மஸ்கட்டும், கதிரறுத்தது பெய்ஜிங். கூட்டறிக்கையே ஈராக்குக்கும் ஓமானுக்கும் நன்றி கூறியிருப்பதைப் பலர் கவனிக்கத் தவறினர்.

அறிக்கையின் கனம் அது தூசு தட்டி எடுத்த இரண்டு பழைய உடன்படிக்கைகளில் உள்ளது: ஒன்று 1998ஆம் ஆண்டின் பொருளாதார, வணிகப் பொது ஒப்பந்தம், மற்றது 2001ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம். பின்னது பெரிதும் குற்றத் தடுப்பு, போதைப்பொருள் கடத்தல் போன்ற உள்துறை விவகாரங்களைச் சார்ந்தது என்பதால், ஓர் அரசு தான் நேரில் இறங்காமல் ஆயுதமும் பணமும் தந்து பிற மண்ணில் இயக்கும் பதிலிப் படைகள் பற்றிய சவூதியின் அச்சத்துக்கு அதில் விடை தேட முடியாது. தூதரகங்களை இரு மாதங்களுக்குள் திறப்பதென்ற கெடு கூட நழுவி, ரியாத்தில் ஈரானியத் தூதரகம் ஜூன் 6 அன்றே திறந்தது.

ஆயினும் அந்தத் தணிப்பு சோதனையைத் தாங்கியது. 2025 ஏப்ரலில் சவூதி பாதுகாப்பு அமைச்சர் காலித் பின் சல்மான் தெஹ்ரான் சென்றார். ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது ரியாத் அதைக் கண்டித்தது. இத்தகைய வருகைகளையும் கண்டன அறிக்கைகளையும் விட, குவைத்தும் சவூதியும் தமக்கே உரியதென்றும், ஈரான் தனக்கும் பங்குண்டென்றும் கூறிவரும் துர்ரா எரிவாயு வயலில் கடல் எல்லை எப்படி வரையப்படுகிறது என்பதே துறையினர் தொடர்ந்து கவனிக்கத்தக்கது.