ரீமெப் செய்தவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவரா?



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், வாங்க நிய்யத் வைத்திருப்பவர்களும், மகனுக்கு வாங்கிக் கொடுக்கப் போகும் வாப்பாமார்களும் பொறுமையாக வாசியுங்கள்.

நம்மூரில் ஒரு பேச்சு பரவிக் கிடக்கிறது. "கம்பனிக்காரன் கள்ளன் மச்சான். ரீமெப் செய்ததைச் சொல்லாத. பழைய புரோகிராமைப் போட்டுட்டுக் கொண்டு போ. வொரண்டியில புது எஞ்சின் எடுக்கலாம்." கராஜிலும் இதே பேச்சு, தேத்தண்ணிக் கடையிலும் இதே பேச்சு. சொல்பவருக்கும் கூச்சமில்லை, கேட்பவருக்கும் கூச்சமில்லை.

இந்தப் பேச்சு தொழில்நுட்பத்தில் பிழை, கணக்கில் பிழை, மார்க்கத்திலும் பிழை. அதோடு, இந்தப் பேச்சில் ஓர் ஆள் சத்தமில்லாமல் தப்பிக்கிறார். காசை வாங்கிக்கொண்டு ரீமெப் செய்து கொடுத்தவர்தான் அவர். எஞ்சின் உடைந்ததும் கார்க்காரரும் கம்பனியும் சண்டை பிடிக்கிறார்கள். லெப்டொப்பைக் கொண்டு வந்து ஒரு மணித்தியாலத்தில் வேலையை முடித்தவரின் பெயர் அந்தச் சண்டையில் எங்குமே வருவதில்லை.

முதலில், இந்தக் கார்கள் நம் வாசலுக்கு எப்படி வந்தன என்று பாருங்கள். நம் நாட்டில் வாகன வரி எஞ்சினின் சி.சி.யைப் பார்த்து ஏறுகிறது. அதனால்தான் 1000 சி.சி.க்கு உட்பட்ட டேர்போ கார்களுக்கு இவ்வளவு மவுசு வந்தது. ஹொண்டா சிவிக் போன்ற பெரிய உடம்புள்ள காரே 988 சி.சி., 3 சிலிண்டர் எஞ்சினோடு வந்து இறங்கியது. சின்ன எஞ்சின் பெரிய காரை இழுக்க வேண்டும் என்பதற்காகத்தான் டேர்போ. அதாவது கம்பனியில் இருந்து வரும்போதே அந்த எஞ்சின் உழைக்க வேண்டிய அளவுக்கு உழைத்துக்கொண்டுதான் வருகிறது.

பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் கதவு திறந்தது. அந்த 5 வருடமும் இருந்த கார்களே கை மாறிக்கொண்டிருந்தன. இன்று நம் வீதியில் ஓடும் டேர்போ கார்களில் எத்தனையோ இரண்டாம் கை, மூன்றாம் கை. முதல் ஆள் என்ன செய்தார் என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

ரீமெப் என்றால் என்ன? எஞ்சினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெற்றோல், எந்த நேரத்தில் நெருப்பு என்று தீர்மானிப்பது ஈ.சீ.யூ. என்ற சின்னக் கணினி. கம்பனிப் பொறியியலாளர்கள் அதில் கொஞ்சம் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். மோசமான பெற்றோல், கடும் வெயில், டிரபிக்கில் நிற்பது, நேரத்துக்கு ஒயில் மாற்றாத சொந்தக்காரர் என்று எல்லாவற்றையும் தாங்குவதற்கான இடைவெளி அது. "ஸ்டேஜ் வன்" என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் அந்த இடைவெளியைத்தான். டேர்போவின் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், நெருப்பு விழும் நேரத்தை முன்னுக்குத் தள்ளுகிறார்கள். கார் பாய்கிறது. கால் வைத்தால் முதுகு சீட்டில் ஒட்டுகிறது. பொடியன் சந்தோசப்படுகிறான்.

ஆனால் அந்த ஃபைல் எங்கே எழுதப்பட்டது? ஐரோப்பாவில் சாதாரணப் பெற்றோலே 95 ஒக்டேன், அதற்கு மேல் 98உம் கிடைக்கிறது. அந்தப் பெற்றோலுக்கு எழுதிய ஃபைலை வாங்கி இங்கே ஏற்றிவிட்டு, மாதக் கடைசியில் 92 அடித்து ஓடுகிறார்கள். அழுத்தம் கூடிய சிலிண்டருக்குள் பெற்றோல் நேரம் தவறி வெடிக்கிறது. அதைத்தான் பாஸ்மார் "நொக்கிங்" என்கிறார்கள். நேரடியாக சிலிண்டருக்குள் பெற்றோல் பீய்ச்சும் சின்ன டேர்போ எஞ்சின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குறைந்த வேகத்தில் காலை முழுதாக அழுத்தும்போது பிளக் பொறி விழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். இதைக் குறைப்பதையும் ஒரு நோக்கமாகக் கொண்டு 2020இல் எஸ்.பி. என்ற ஒயில் தரம் கொண்டு வரப்பட்டது. அந்த ஒரு அடியில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம், கொன்ரொட் வளையலாம். பிறகு ஒயில் குறையும், நீலப்புகை வரும், கொம்ப்ரஷன் விழும். தானியங்கி கியர் பொக்ஸுக்கும் ஓர் அளவு உண்டு. எஞ்சின் தரும் இழுவை அந்த அளவைத் தாண்டினால் அதுவும் கையை விரிக்கும்.

ரீமெப் செய்த எல்லாக் காரும் உடையும் என்று நாம் சொல்லவில்லை. ரீமெப் செய்யாத காரும் உடைகிறது, கம்பனியின் பிழையாலும் உடைகிறது. அதனால்தான், எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்துத்தான் யார் பொறுப்பு என்று தீர்க்க வேண்டும். உண்மையை மறைத்தால் அந்தக் கேள்விக்கு ஒருபோதும் பதில் கிடைக்காது.

"பழைய புரோகிராமைப் போட்டுவிட்டால் கண்டுபிடிக்க முடியாது" என்கிறார்களே, அது பெரும்பாலும் பொய். பல கார்களின் ஈ.சீ.யூ. எத்தனை தடவை தன்னை எழுதினார்கள் என்று எண்ணி வைக்கிறது. புரோகிராமுக்கென்று ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறது. ஃபைலில் கை வைத்தால் அந்த இலக்கம் மாறிவிடும். அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி, பெரிய எஞ்சின் வேலைக்கு வொரண்டி கேட்டால் அந்த இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி தன் முகவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. வொக்ஸ்வாகன், ஒளடி கார்களில் மாற்றிய புரோகிராம் கண்டுபிடிக்கப்பட்டால் "டீ.டீ. 1" என்ற குறி கம்பனியின் பதிவில் அந்தக் காரின் பேரில் விழுகிறது. பிறகு எந்த முகவரிடம் கொண்டுபோனாலும் அது தெரியும். பொய் சொல்லிக்கொண்டு போனவருக்கு எஞ்சினும் இல்லை, மரியாதையும் இல்லை. ரீமெப்புக்குச் சம்பந்தமே இல்லாத உண்மையான குறை அந்தக் காரில் இருந்தாலும், அதற்குப் பிறகு அவர் பேச்சை யார் நம்புவார்?

இனி கம்பனிக்காரர்களுக்கும் முகவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் உங்கள் பக்கம் பேசுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். "மொடிஃபை செய்திருக்கிறது, வொரண்டி இல்லை" என்ற ஒரு வசனத்தோடு ஆளைத் திருப்பி அனுப்புவது அநியாயம். சைலன்சர் மாற்றியதற்கும் ஏசி கொம்ப்ரஸர் பழுதானதற்கும் என்ன சம்பந்தம்? அலோய் ரிம் போட்டதற்கும் எஞ்சினில் ஒயில் ஒழுகுவதற்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவில் 1975இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அதன் பெயர் மெக்னஸன்-மொஸ் சட்டம். வெளியாரின் பாகம் பூட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வொரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று கம்பனி காட்ட வேண்டும். இங்கேயும் அதே நியாயத்தைத்தான் கேட்கிறோம். எஞ்சினைக் கழற்றுங்கள், உடைந்த பிஸ்டனை மேசையில் வையுங்கள், காரணத்தை எழுத்தில் தாருங்கள். வாயால் சொல்லும் மறுப்பு மறுப்பல்ல.

அடுத்தது, தப்பித்துக்கொண்டிருக்கும் அந்த மூன்றாம் ஆள்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அது பொருளை விற்பவரை மட்டும் பிடிக்கும் சட்டம் அல்ல, சேவை வழங்குபவரையும் பிடிக்கும். ரீமெப் ஒரு சேவை. காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை. அதில் குறை இருந்தால், வேலை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அந்த அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் முறைப்பாட்டோடு எதைக் காட்டுவீர்கள்? பில் இருக்கிறதா? எந்த ஃபைல் ஏற்றினார், எவ்வளவு அழுத்தம் கூட்டினார், எந்தப் பெற்றோல் அடிக்கச் சொன்னார் என்று ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லை. "மச்சான், தெரிஞ்ச ஆள்தானே" என்று கையில் காசைக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. பில் கேட்பவருக்குப் பில் கொடுப்பது வியாபாரியின் கடமை. கேட்பது நம் உரிமை. அதைக் கேட்காமல் விட்டுவிட்டு, உடைந்த பிறகு கம்பனியின் கண்ணில் மண் தூவப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

"கராஜ்காரர் நம்ம பொடியன், அவனுடைய வயிற்றுப்பிழைப்பு" என்று சிலர் சொல்வார்கள். நல்ல பாஸுக்கு எழுத்து எதிரியல்ல. வேலைக்கு முன் கொம்ப்ரஷன் பார்ப்பவர், காரை ஓட்டி நொக்கிங் இருக்கிறதா என்று பதிவு எடுத்துப் பார்ப்பவர், "இந்த எஞ்சின் தாங்காது தம்பி, செய்ய மாட்டேன்" என்று திருப்பி அனுப்புபவர் நம்மிடையே இருக்கிறார்கள். இன்று நட்டப்படுவது அவர்கள்தான். பில்லும் கொடுக்காமல் பொறுப்பும் ஏற்காமல் குறைந்த காசுக்குச் செய்பவரிடம் கூட்டம் போகிறது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சாதாரண தரம் முடித்துவிட்டு நம் பிள்ளைகள் தொழில் பழகப் போவது இந்தக் கராஜ்களுக்குத்தான். கையில் திறமை உள்ள பிள்ளைகள். அங்கே அவர்கள் முதலில் காண்பது தடயத்தை அழிக்கும் வித்தை என்றால், நாம் பத்து வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததற்கு என்ன பெறுமதி?

இனி அந்த மூன்றாம் கைக்காரரிடம் வருவோம். உண்மையில் பில் கட்டுபவர் பெரும்பாலும் அவர்தான். கத்தாரில் நாலு வருடம் உழைத்த காசு, உம்மாவின் நகையை அடகு வைத்த காசு, மீதி லீசிங். ஹயருக்கு ஓடி வீட்டுச் செலவைப் பார்க்கலாம் என்று வாங்குகிறார். காரை விற்றவர் பழைய புரோகிராமைப் போட்டு, ஒயிலை மாற்றி, கழுவித் துடைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில மாதத்தில் நீலப்புகை. எஞ்சின் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே வைத்து விற்ற வியாபாரியை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் வைத்தே கண்டித்த சம்பவத்தை நம் எல்லோருக்கும் ஜும்ஆவில் கேட்டுப் பழக்கம். ரீமெப்பை மறைத்து விற்ற கார் அந்த ஈரமான தானியம்தான். பொருள் மட்டும்தான் மாறியிருக்கிறது.

"என் காசு, என் கார், என் இஷ்டம்" என்பவருக்கும் பதில் உண்டு. சரி, உங்கள் இஷ்டம்தான். அப்படியானால் உடையும்போது வரும் பில்லும் உங்களுடையதுதான். இஷ்டத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, நட்டத்தை மட்டும் கம்பனிக்கோ அடுத்த சொந்தக்காரருக்கோ அனுப்ப முடியாது. "கம்பனி பெரியது, ஓர் எஞ்சினால் குறையாது" என்பதும் வாதமல்ல. பொய்க் கேள்விகள் கூடக் கூட, நேர்மையாகப் போகிறவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அந்த நட்டம் நம் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

ஆகவே ஊர் மக்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. வொரண்டி உள்ள காரில் கை வைக்கும் முன் வொரண்டிப் புத்தகத்தை வாசியுங்கள். விளங்காவிட்டால் முகவரிடம் எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் எடுங்கள்.

2. ரீமெப் செய்பவரிடம் பில் எடுங்கள். என்ன மாற்றினார், எந்த ஒக்டேன், எந்த ஒயில், எத்தனை மாதப் பொறுப்பு என்று அதில் இருக்கட்டும். எழுத மறுப்பவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

3. விற்கும்போது சொல்லி விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

4. வாங்கும்போது கொம்ப்ரஷன் சோதனையும் ஸ்கேனும் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "மாற்றம் ஏதும் செய்யவில்லை" என்று விற்பவரின் கையொப்பத்தை வாங்குங்கள். கையொப்பம் போடத் தயங்கினால் அதுவே பதில்.

5. முகவர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 3 மாதக் கணக்கை மறக்காமல் அதிகார சபைக்குப் போங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகமும் வர்த்தகச் சங்கமும் நினைத்தால், ஊரில் உள்ள கராஜ்காரர்களைக் கூப்பிட்டு, பில் இல்லாமல் ரீமெப் இல்லை என்ற ஒரு விதியை ஒரே கூட்டத்தில் போடலாம். அதற்குப் பணம் தேவையில்லை.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களும் எழுதுங்கள், உங்கள் பக்கத்தையும் கேட்க விரும்புகிறோம். சரி என்று படுபவர்கள் கார் வாங்கப் போகும் ஒருவருக்காவது இதை அனுப்பி வையுங்கள்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக.