பட்டியில் கணக்கு! சந்தையில் தராசு!

செம்மறி வளர்க்கும் விவசாயப் பெருமக்களே!

நம்ம சின்னசேலத்துக்குப் பக்கத்திலேயே, தலைவாசல் கூட்டுரோட்டில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் கால்நடைப் பூங்கா. 2020-ல் அடிக்கல், 2021-ல் திறப்பு விழா. நம்ம பட்டியில் என்ன மாறியது? சந்தையில் இன்றும் வியாபாரி முதுகைத் தடவிப் பார்த்துத்தான் விலை சொல்கிறான். 25 கிலோ கிடாயை 22 கிலோ என்று மதித்தால், பத்துக் கிடாய்க்கு 30 கிலோ போச்சு. ஒரு முழு ஆட்டுக்கு மேலே நட்டம்!

இந்த நட்டம் நமக்கே தெரியாமல் போகக் காரணம், கையில் கணக்கு இல்லாததுதான். செம்மறிக்குச் சினை ஐந்து மாதம். நல்லா கவனித்தால் இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து எடுக்கலாம். எந்த ஆடு ஈன்றது, எத்தனை குட்டி செத்தது, தீவனம், மருந்துக்கு என்ன செலவு? ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். ஈனாத ஆடு எது என்று அதுவே காட்டிக் கொடுக்கும். அதிகாரியிடம் பேசவும் அதுதான் ஆதாரம்.

அரசிடம் நாம் கேட்பது:

* மழைக்கு முன்பே துள்ளுமாரி தடுப்பூசி ஊர் தேடி வரணும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஒரு குட்டி விடாமல் போடணும்.
* சந்தைதோறும் முத்திரை வைத்த எடைமேடை வேணும்.
* சிறு விவசாயிக்குத் தரமான மேச்சேரி பொலிகிடா மானிய விலையில் வேணும்.

நோட்டோடு வாருங்கள்! ஒன்றுபட்டுக் கேட்போம்! உரிமையை வெல்வோம்!