பதினான்குக்குப் பின் பள்ளி எங்கே?

பள்ளியை விட்ட பையன் திருப்பூர்ப் பனியன் கம்பெனி வாசலில் வேலைக்கு நிற்கிறான். அவனே வழிதவறி, நாளைக்குக் கூர்நோக்கு இல்லம் போனால், ‘தறுதலை’ என்று தூற்றுகிறது ஊர். தறுதலையாக விட்டது யார்?

சட்டங்களைப் பாருங்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு கை கழுவுகிறது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 முடிந்தவன் ஆபத்தில்லாத வேலைக்குப் போகலாம் என்கிறது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம், 18 நிரம்பாதவன் தவறிழைத்து இல்லத்துக்கு வந்தால் கல்வியும் தொழிற்பயிற்சியும் கொடு என்கிறது. நல்லதுதான்! ஆனால், தவறிழைத்த பின் கிடைக்கும் கல்வி, அதற்கு முன்பே கிடைக்கக் கூடாதா?

வேலையிலிருந்து மீட்ட சிறுவர்களுக்குத் தனிப் பள்ளிகள் நடத்தியது, 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். அதையும் 2021-ல் சமக்ர சிக்ஷாவில் கரைத்துவிட்டார்கள்.

நாம் கேட்பது இதுதான்: தொழிலாளர் குடியிருப்புதோறும் மாலைப் பள்ளி, ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியறிந்த ஆசிரியர், படிப்போடு கைத்தொழில், முடிவில் செல்லத்தக்க சான்றிதழ்.

தோழர்களே! உங்கள் தெருவில் பள்ளியை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? கணக்கெடுங்கள். அந்தக் கணக்கோடு ஆட்சியரிடம் செல்வோம். பூட்டிய கதவுக்கு முன்னால் திறந்த பள்ளி வேண்டும்!