கன்றின் பங்கு

தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரத்துக் கண்ணபுரத்தில் சித்திரைத் தேர்த் திருவிழாவையொட்டி மாட்டுச்சந்தை கூடும். காங்கேயக் கன்றுகள் செந்நிறமாய்ப் பிறந்து, ஏறக்குறைய 6 மாதத்தில் சாம்பல் நிறம் பெறுவன.

சந்தைக்கு முதல் நாள் குளிப்பாட்டிச் சலங்கை கட்டினால் போதுமா? கயிற்றுக்குப் பழகாத கன்று கூட்டத்தைக் கண்டு மிரளும். இளமையிலேயே நாள்தோறும் தடவிக்கொடுத்து, மெல்ல நடத்திப் பழக்குதல் வேண்டும்; அடித்தல் ஆகாது.

சித்தியவான் தோட்டங்களில் மாடு வளர்த்த நம் பெரியோர் இதனை நன்கறிவர். பாலை முழுவதும் கறந்து விற்றுவிட்டு, மாட்டுப் பொங்கலன்று கன்றுக்கு மாலை சூட்டுவது முறையன்று என்பதே எம் கருத்து. முதலில் கன்றின் பங்கைக் கன்றுக்கு விடுவோம்.

மாணவர்களே, தேர்வுக்கு முதல் நாள் மட்டும் நூலைத் தொடுவதும் அத்தகையதே அன்றோ?