இரண்டு நூல் பிட்டும் நமது ஓடாவிமாரும்



நம்மூரில் ஒரு பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா அன்றைக்கே வீட்டுக் கணக்கைத் தொடங்கிவிடுவார். கல், மண், சீமெந்து, பிறகு நிலை, கதவு, யன்னல், கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை. இந்த வழக்கம் சரியா பிழையா என்பதை இன்னொரு நாளைக்குப் பேசுவோம். இன்று கேட்பது வேறு. அந்தக் காசில் மரவேலைக்கு ஒதுக்கப்படும் பங்கு யாருடைய கைக்குப் போகிறது?

கதவும் நிலையும் இன்னும் நம்மூர் ஓடாவிமாரிடம்தான் இருக்கின்றன. ஆனால் வளைந்த சாய்வுள்ள கதிரை, தலைமாட்டில் பூ வெட்டிய கட்டில், ஆறும் எட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய சாப்பாட்டு மேசைக் கதிரைகள் என்று வந்தால் மொறட்டுவையிலிருந்து வரும் லொறியை எதிர்பார்க்கிறோம். கேட்டால், "நம்ம ஆக்கள் செஞ்சா ஒன்டு மாதிரி ஒன்டு வராது" என்கிறோம். இது ஓடாவியின் கைத்திறன் மீது சொல்லப்படும் குறை. எங்கள் பார்வையில் குறை கையில் இல்லை. அவர் ரவுட்டரில் மாட்டும் பிட்டிலும், அதைப் பாவிக்கும் முறையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காததிலும்தான் இருக்கிறது.

பாடசாலையில் படிப்பிக்கிற எங்களுக்கு மரவேலையில் என்ன கதை என்று சிலர் கேட்கக்கூடும். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போகிறவர்கள் எங்கள் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான். அவர்கள் அங்கே என்ன பழகுகிறார்கள் என்பது எங்களுடைய கதையும்தான்.

விசயத்துக்கு வருவோம். சிறிய ரவுட்டர் மெஷின் இன்று அநேகமான பட்டறைகளில் இருக்கிறது. அதில் மாட்டும் பிட்டுகளில் ஒரு வகைக்கு நுனியிலோ கழுத்திலோ ஒரு குட்டிப் பெயாரிங் இருக்கும். அந்தப் பெயாரிங் ஓர் அச்சுப் பலகையின் விளிம்பில் உருண்டு போகும். பிட் அதே விளிம்புக்கு மரத்தைச் சரியாக வெட்டிக்கொண்டு வரும். இதைத்தான் 'ஃப்ளஷ் ட்ரிம்' பிட் என்கிறார்கள். அச்சுப் பலகை ஒன்று சரியாக இருந்தால் கதிரைக் கால் எட்டும் எட்டுப் பிரதிகளாக வரும். "ஒன்டு மாதிரி ஒன்டு வராது" என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது நேர் அலகு வைத்த பிட். அதன் அலகு முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் மரத்தில் அடிக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. நேர் விளிம்பில் இது பெரிதாகத் தெரியாது. வளைவில் பாதித் தூரம் நாரோடு போய், மீதித் தூரம் நாருக்கு எதிராகப் போகும்போதுதான் சிக்கல். ஒரு துண்டு பிய்ந்து பறக்கும். பறந்தது முதிரை என்றால் அந்தப் பலகையின் விலை என்னவென்று மரக்காலைக்குப் போனவருக்குத் தெரியும்.

ஸ்பைரல் பிட்டில் அலகு திருகாணி மாதிரிச் சுற்றி ஏறுகிறது. அலகின் ஏதாவது ஒரு பகுதி எப்போதும் மரத்தைத் தொட்டுக்கொண்டு, சாய்வாகச் சீவிக்கொண்டு போகிறது. இந்தச் சூத்திரம் நமது மூத்த ஓடாவிமாருக்குப் புதிதல்ல. பலகையின் முனையில் நார் வெட்டுண்டு நிற்கும் இடத்தைச் சீவும்போது அவர்கள் சீவுளியைச் சற்றுச் சரித்துப் பிடிப்பார்கள். ஏனென்று கேட்டால் "அப்பத்தான் மரம் இளகும்" என்பார்கள். அதே சரிவை இந்தப் பிட்டின் உருக்கிலேயே அமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி 'சிறிய' என்ற சொல்லுக்கு வருவோம். இது எங்கள் கணித பாடத்துக்குள் வருகிற இடம். உள்மூலை ஒன்றை வட்டமான பிட் எதுவும் கூர்மையாக வெட்டாது. தன் ஆரையளவு வளைவை அங்கே விட்டுவிட்டுத்தான் வரும். அரை அங்குலப் பிட் கால் அங்குல ஆரையை விடும். கால் அங்குலப் பிட், அதாவது இரண்டு நூல் பிட், ஒரு நூல் ஆரையை மட்டும் விடும். அந்த ஒரு நூலை உளியால் இரண்டு தட்டில் எடுத்துவிடலாம். பூவின் இதழ்கள் சந்திக்கும் இடம், கதிரைச் சாய்வின் உள் வளைவு, கதவுத் தட்டின் உள்மூலை எல்லாவற்றிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் சிறியது மெலிந்தது. ஒரே நீளமுள்ள இரண்டு பிட்டுகளில் விட்டம் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிறது. இது அனுமானம் அல்ல. விட்டத்தின் நான்காம் அடுக்கோடு விறைப்பு மாறும் என்ற பொறியியல் விதி. ஆகவே இரண்டு நூல் பிட்டைக் கொண்டு அரை அங்குலம் அகலத்துக்கு மரத்தைத் தின்னச் சொன்னால் அது வளையும், அதிரும், கடைசியில் முறியும். 'ஸ்பைரல் பிட் வாங்கினேன், முதல் நாளே முறிந்து போச்சு' என்று சொல்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அச்சுப் பலகைக்கு வெளியே எவ்வளவு மரம் விட்டு வெட்டினீர்கள்? முதலில் ஜிக்சோவால் கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர், கூடினால் இரண்டு மில்லிமீற்றர் தள்ளி வெட்டிவிட வேண்டும். வெளி விளிம்புகளைப் பெரிய பிட்டால் முடிக்க வேண்டும். பெரிய பிட் நுழையாத உள்வளைவுகளுக்கு மட்டும் சிறியதை எடுக்க வேண்டும். அப்படிப் பாவித்தால் அது நெடுநாள் உழைக்கும்.

வாங்கும்போது கவனிக்க இன்னும் சில. கால் அங்குலக் காம்பும் கால் அங்குல அலகும் உள்ள பிட்டில் பெயாரிங் நுனியில்தான் இருக்க முடியும். காம்பின் மேல் பெயாரிங் மாட்டினால் அதன் விட்டம் காம்பை விடக் கூடிவிடும். அப்போது அலகும் குறைந்தது மூன்று நூலாவது இருக்க வேண்டும். நுனிப் பெயாரிங் என்றால் கையால் பிடித்து ஓட்டும்போது அச்சுப் பலகை மரத்துக்குக் கீழே வரும்.

அடுத்தது திருகின் திசை. மேல்நோக்கி இழுக்கும் பிட் சீவலை மெஷின் பக்கம் வெளியேற்றும். ஆனால் மேல் முகத்தில் நாரைக் கிளப்பும். கீழ்நோக்கித் தள்ளும் பிட் மேல் முகத்தைத் துப்புரவாக விடும். ஃபோமைக்கா ஒட்டிய பலகைக்கு எந்த முகம் வெளியே தெரியப் போகிறது என்று பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ரவுட்டரை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பூட்டி வேலை செய்கிறவர்கள் கீழ்நோக்கித் தள்ளும் பிட்டைப் போட்டால், அது மரத்தை மேசையிலிருந்து கிளப்பிவிடும். கை அங்கேதான் இருக்கும்.

அச்சுப் பலகையை ஆறு அல்லது ஒன்பது மில்லிமீற்றர் எம்.டி.எஃப்-இல் செய்து விளிம்பை நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். கரும்பலகையில் ஆசிரியர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால் நாற்பது கொப்பியிலும் அதே பிழை வரும். அச்சுப் பலகையும் அப்படித்தான். பெயாரிங் இறுகிச் சுற்றாமல் நின்றால் விளிம்பைக் கருக்கிக் குழியாக்கும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காலிலும் அந்தக் குழி இருக்கும். ஆகவே வேலை தொடங்க முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, விரலால் பெயாரிங்கைச் சுற்றிப் பாருங்கள்.

இப்போது எதிர்க்கருத்துகளுக்கு வருவோம்.

"சி.என்.சி மெஷின் வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு?" உண்மைதான், சி.என்.சி அழகாக வெட்டும். ஆனால் அதை வாங்கக் கடன் வேண்டும். வேலை இல்லாத மாதத்திலும் தவணை கட்ட வேண்டும். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நேரத்தில் பெரிய கடன் சுமந்த பட்டறைகளுக்கு மெஷின் நின்றாலும் வட்டி நிற்கவில்லை. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அச்சுப் பலகையும் நல்ல பிட்டும் போதும்.

"விலை கூட." அதுவும் உண்மை. இவை இறக்குமதிப் பொருட்கள். அந்த ஆண்டு ஒரு டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது எல்லாமே ஏறியது. ஆனால் மலிவுப் பிட் பிய்த்த ஒரு முதிரைப் பலகையின் விலையையும் கணக்கில் சேருங்கள். ஒரு தெருவில் உள்ள மூன்று நான்கு பட்டறைகள் சேர்ந்து அச்சுப் பலகைகளை மாறி மாறிப் பாவிக்கலாம். பிட்டை மொத்தமாக எடுப்பிக்கலாம். வேளாண்மை வெட்டுக்கு மெஷினை முறை வைத்து எடுக்கத் தெரிந்த ஊருக்கு இது கஷ்டமான காரியம் அல்ல.

"இவ்வளவு காலமும் உளியால்தானே செய்தோம்?" ஓடாவி காக்காமாரே, உங்கள் உளிக்கு நாங்கள் சலாம் சொல்கிறோம். அச்சுப் பலகையின் முதல் வளைவை வரைவதற்கு உங்கள் கண் வேண்டும். கடைசி மூலையை எடுப்பதற்கு உங்கள் உளி வேண்டும். நடுவில் இருக்கும் எட்டுத் தரம் செய்கிற வேலையை மட்டும் மெஷினுக்கு விடுங்கள்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. பட்டறைகளில் கையாளாக நிற்கும் தம்பிமாரின் கண்ணில் கண்ணாடி இல்லை, மூக்கில் மறைப்பு இல்லை, இடுப்பில் தொங்கும் சாரன். சிறிய ரவுட்டர் நிமிசத்துக்கு முப்பதாயிரம் சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தில் இரண்டு நூல் பிட்டின் அலகு வினாடிக்குப் பத்து மீற்றர் ஓடுகிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே சேர்த்துவிட்டது. முதிரைத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரித்துக் கொப்பளிப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரு கண்ணாடியும் நல்லதொரு முகமூடியும் வாங்கிக் கொடுப்பது முதலாளிமாரின் தர்மம் அல்ல, கடமை. அந்தப் பிள்ளைகள் பெற்றோர் ஒப்படைத்த அமானிதம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகன் ஓடாவி வேலை பழகுகிறான் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஸகரிய்யா நபி (அலை) தச்சுத் தொழில் செய்தவர்கள் என்று ஹதீஸில் வருகிறது. கப்பல் கட்டியவர் நூஹ் நபி (அலை). கூலி வேலைக்கென்று கட்டாருக்கும் சவூதிக்கும் போகிற பிள்ளை, கையில் தொழிலோடும் தாளோடும் போனால் நிலைமை வேறு. என்.வி.கியூ சான்றிதழை, வகுப்பில் படிக்காதவர்களும் தங்கள் அனுபவத்தை மதிப்பீடு செய்வித்துப் பெறும் வழி இருக்கிறது. பல வருடம் பட்டறையில் நின்றவர்கள் நைட்டா அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பாடசாலைகளில் எங்களால் முடிந்ததையும் சொல்லிவிடுகிறோம். மாணவர் கையில் ரவுட்டரைக் கொடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் வடிவமைப்பும் நிர்மாணத் தொழில்நுட்பமும் பாடத்தில் ஒரு கதிரைக் காலை முழு அளவில் வரைந்து, எம்.டி.எஃப்-இல் அச்சுப் பலகையாகக் கையால் அறுத்துத் தேய்க்கச் செய்யலாம். வட்டம், ஆரை, தொடலி எல்லாம் அப்போது மரத்தில் தெரியும். ஊரின் மூத்த ஓடாவி ஒருவரைத் தவணைக்கு ஒரு தடவை வகுப்புக்கு அழைக்கலாம். செலவு ஒரு பிளேன்ரீயும் ஒரு பொன்னாடையும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் வருடாவருடம் எத்தனையோ நிகழ்ச்சி வைக்கின்றன. ஒரு சனிக்கிழமை, ஒரு பட்டறையில், ஒரு ரவுட்டர், இரண்டு பிட், ஒரு அச்சுப் பலகை வைத்து அரை நாள் செயல்முறை காட்டினால் அதனால் சம்பாதிக்கப் போவது நம்மூர்ப் பிள்ளைகள். இடம் தரக்கூடிய பட்டறைக்காரர்களும், காட்டித்தரக்கூடிய ஓடாவிமாரும் இதன் கீழே பெயரைப் போடுங்கள். ஆட்களைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.