தூக்க மாத்திரையை திடீரென நிறுத்தலாமா? குருசுக்குப்பம் மூதாட்டிக்கு வந்த வலிப்பு சொல்லும் பாடம்!

புதுச்சேரி:

போதை மாத்திரை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது போலீசில் சிக்கிய வாலிபர்கள்தான். மேஜை மேல் மாத்திரை அட்டைகள், பின்னால் தலை குனிந்து நிற்கும் பையன்கள். போட்டோவை பார்த்துவிட்டு அடுத்த செய்திக்கு போய் விடுவோம்.

அதே வகை மாத்திரை நம்ம வீட்டு அலமாரியில் சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நடுவில் இருந்தால்? தினமும் ராத்திரி அதை போட்டுக்கொள்வது நம்ம அம்மாவாக இருந்தால்?

பத்து நாள், ஆறு வருஷம்!

குருசுக்குப்பத்தில் வசிக்கும் எனது பெரியம்மாவுக்கு வயது 62. மீன் விற்றே பிள்ளைகளை கரையேற்றியவர். பெரியப்பா இறந்த பிறகு ராத்திரியில் தூக்கம் போய்விட்டது. டாக்டர் ஒருவர், பத்து நாளைக்கு மட்டும் என்று சொல்லி தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த பத்து நாள் ஆறு வருஷமாக நீண்டுவிட்டது. பழைய சீட்டையே காட்டி வாங்கினார். சில நேரம் வெறும் அட்டையை காட்டினாலே கிடைத்தது. அரை மாத்திரை ஒன்றானது, ஒன்று இரண்டானது.

ஒருநாள் மருந்து கடையில், "புது சீட்டு இல்லாம தர முடியாது ஆயா" என்று கையை விரித்துவிட்டார்கள். சட்டப்படி அது சரிதான். வீட்டில் நாங்களும், "நல்லதா போச்சு, அந்த சனியனை விட்டுத் தொலை" என்றோம். நானும்தான் சொன்னேன்.

இரண்டாம் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் வியர்வை, படபடப்பு, பொட்டு தூக்கம் இல்லை. அலை சத்தத்துக்கே காதை பொத்திக்கொண்டார். நாலாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிர் பிழைத்தது பெரிய விஷயம்.

"மாத்திரையை திடீர்னு நிறுத்த யார் சொன்னது?" என்று டாக்டர் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பிரேக் பிடிக்கும் மாத்திரை

அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், குளோனசிபாம். நம்ம ஊரில் தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த குடும்பத்தை சேர்ந்தவைதான். இவற்றில் முதல் மாத்திரை 1960-லும், டயசிபாம் 1963-லும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

மூளையின் வேகத்தை குறைக்க காபா என்ற ரசாயனம் இருக்கிறது. வண்டிக்கு பிரேக் மாதிரி. அந்த பிரேக்கை இந்த மாத்திரை இன்னும் அழுத்தி பிடிக்கிறது. அதனால் தூக்கம் வருகிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் மூளை தன் சொந்த பிரேக்கை தளர்த்தி விடுகிறது. அந்த நேரத்தில் மாத்திரையை பிடுங்கினால் பிரேக் இல்லாத வண்டிதான். நடுக்கம், பயம், எரிச்சல், சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம் என்று வருவது இதனால்தான்.

முக்கியமான விஷயம் இன்னொன்று உண்டு. மாத்திரையை விட்டதும் தூக்கம் முன்பைவிட மோசமாக கெடும். "பாத்தியா, மாத்திரை இல்லாம எனக்கு தூக்கமே வராது" என்று அவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது நிறுத்தியதால் வந்த கோளாறு. இது தெரியாமல் திரும்ப மாத்திரைக்கே போகிறவர்கள்தான் அதிகம்.

இதை குடிகாரர்களின் பழக்கத்தோடு சேர்த்து கேவலமாக பேசக்கூடாது. டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டாலே, சில வாரங்களில்கூட உடம்பு பழகிவிடலாம். 2020-ல் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை, இந்த மாத்திரைகளின் குறிப்பில் கட்டம் கட்டி இந்த எச்சரிக்கையை போட உத்தரவிட்டது.

சட்டம் இருக்கிறது, ஆனால்..?

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2014 மார்ச் 1-ந்தேதி முதல் அமலில் உள்ள எச்-1 பட்டியலில் அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடம் ஆகியவை உள்ளன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும்.

மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், டாக்டர் சீட்டுக்கு வெளியே தூக்க மருந்து உபயோகிப்பவர்கள் நாட்டில் சுமார் 1 கோடியே 18 லட்சம் பேர் என்று சொல்லப்பட்டது. ஆக, சட்டம் வந்து 5 வருஷம் ஆகியும் மாத்திரை கைமாறிக்கொண்டுதான் இருந்தது.

கெடுபிடி வேண்டும். ஆனால் வருஷக்கணக்கில் கொடுத்துவிட்டு ஒரே நாளில் கதவை சாத்தினால், சாத்திய கதவுக்கு வெளியே நிற்பது எங்க பெரியம்மா மாதிரி கிழவிகள்தான். "தர முடியாது" என்பதோடு, "உடனே டாக்டரை பாருங்க, திடீர்னு விடாதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்து சொன்னால் ஒரு உயிர் பிழைக்கும்.

எப்படி விடுவது?

அவசரப்படாமல், டாக்டர் கண்காணிப்பில் விடவேண்டும். வழக்கமாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை குறைப்பார்கள். சிலருக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் டயசிபாமுக்கு மாற்றி பிறகு குறைப்பார்கள். மாதக்கணக்கில் ஆகலாம், ஒரு வருஷத்தை தாண்டவும் செய்யலாம்.

மாத்திரையோடு சாராயம், பிராந்தி சேர்ந்தால் மூச்சே நின்று போகலாம். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வதற்கும் இந்த மயக்கம் ஒரு காரணம்.

மீனவர் வீடுகளில் இன்னொரு சிக்கல். நள்ளிரவில் எழுந்து கடலுக்கு போவது, விடியுமுன் மார்க்கெட்டுக்கு ஓடுவது என்று வாழ்ந்த உடம்பு, வயதான பிறகு 2 மணிக்கே விழித்துக்கொள்வது சகஜம். அதை வியாதி என்று நினைத்து மாத்திரை தேடுகிறோம். பகலில் நீண்ட தூக்கம் வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். எவ்வளவு லேட்டாக தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழவேண்டும். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது மட்டும் படுக்கவேண்டும். டாக்டர்கள் முதல் மருந்தாக சொல்வது இந்த பழக்கங்களை சேர்த்த பயிற்சியைத்தான்.

எங்கே போவது?

கோரிமேடு ஜிப்மரில் மனநல பிரிவு உள்ளது. மனநல பிரிவு என்றதும், "எங்க வீட்ல யாருக்கு பைத்தியம்?" என்று சண்டைக்கு வராதீர்கள். இது நரம்பும் மூளையும் பழகிப்போன விஷயம். போனில் ஆலோசனை கேட்க 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம். போகும்போது மாத்திரை அட்டையை மறக்காமல் கையில் எடுத்து செல்லுங்கள்.

பெரியம்மா இப்போது ஒன்பது மாதமாக கொஞ்சம் கொஞ்சமாக குறைத்து வருகிறார். இன்னும் கால் மாத்திரை பாக்கி. "அந்த கால் மாத்திரைய விடறதுதான்டா கஷ்டம்" என்கிறார். இந்த முறை அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

குப்பத்து தெருக்களில் சுகர், பிரஷர் முகாம் நடத்தும்போது, "ராத்திரி என்ன மாத்திரை போடுறீங்க?" என்ற ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்து கேட்டால் போதும். எத்தனை வீட்டில் இந்த அட்டை இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சுகாதாரத்துறை கவனிக்குமா?